வாக்ஓவர் ஓட்டு

“இந்த விரல் குடையைத் தவிர இன்னொரு சின்னத்தைத் தொடாதுவே. தொட்டா அன்னைக்கே வெட்டி ஐந்தருவியில வீசிருங்க. மீனு தின்னட்டும்.”

தென்காசி ஏசுதாசன் இந்தப் பிரகடனத்தை வெளியிட்ட இடம் கட்சி மாநாடு அல்ல, கோயில் அசனம். வருஷத்துக்கு ஒருமுறை சபையார் எல்லாரும் ஒரே பந்தியாக உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் சாப்பிடுகிற விருந்து அது. ஆகவே உயர்த்திக் காட்டிய வலதுகை ஆள்காட்டி விரலில் குழம்பு வழிந்துகொண்டிருந்தது. அது முழங்கையைத் தாண்டிப் புதுச் சட்டைக்குள் இறங்கியதையும் அவர் பொருட்படுத்தவில்லை. கொள்கை பேசுகிறவன் சட்டையைப் பார்க்கக் கூடாது.

எதிர்வரிசையில் இருந்த தம்பி ஜஸ்டின், எலும்பை உறிஞ்சி முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“ஐந்தருவியில மீன் கிடையாதுண்ணே. குரங்குதான் உண்டு. குரங்கு உன் விரலைத் தின்னாது. மோந்து பாத்துட்டுக் கீழ போட்டுரும்.”

பந்தி சிரித்தது. சபைப் போதகரான ஐயர்கூடச் சிரித்துவிட்டு, பிறகு ஐயராக இருக்கிற ஞாபகம் வந்து இருமினார்.

குடைக் கட்சியும் கட்டில் கட்சியும் எந்தக் கொள்கையில் மோதிக்கொள்கின்றன என்று ஏசுதாசனைக் கேட்டால் அவருக்குத் தெரியாது. ஜஸ்டின் கட்டில். ஆகவே அவர் குடை. ஜஸ்டினைக் கேட்டிருந்தால் அவரும் இதையே திருப்பிச் சொல்லியிருப்பார். இவ்வளவு தெளிவான அரசியல் பார்வை இரண்டு கட்சிகளின் தலைமைக்கும் இருந்ததில்லை.

உண்மையில் சண்டையை ஆரம்பித்து வைத்தது வாலிபால். ஏசுதாசன் தென்காசி அணிக்குக் கேப்டனாக இருந்த வாலிப காலத்தில், நன்றாக அடிக்கக்கூடிய தம்பியை அணியில் சேர்க்கவில்லை. “கேப்டன் தம்பியைச் சேத்துக்கிட்டான்னு ஊர் பேசும்லா” என்று காரணம் சொன்னார். நியாயவானுக்குத் தம்பியாகப் பிறந்த குற்றத்துக்காக ஜஸ்டின் சைக்கிளை மிதித்து வடகரைக்குப் போய் அந்த ஊர் அணியில் சேர்ந்தார். அந்த வருஷம் இறுதி ஆட்டத்துக்கு வந்த இரண்டு அணிகள் தென்காசியும் வடகரையும்.

ஆட்டத்தன்று வடகரை அணி ஏறிவந்த வேன் வழியில் படுத்துவிட்டது. நடுவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு விசிலை ஊதி, எதிரணி வராததால் வாக்ஓவர், கப்பு தென்காசிக்கு என்று மைக்கில் சொன்னார். ஏசுதாசன் கப்பை வாங்கக் கை நீட்டவில்லை.

“எதிர்ல ஆள் இல்லாம ஜெயிக்கிறதெல்லாம் ஒரு ஜெயிப்பா சார்? ஆள் வரட்டும். இருட்டினா பெட்ரோமாக்ஸ் கொண்டாரச் சொல்லுதேன்.”

வைக்கோல் லாரியின் உச்சியில் உட்கார்ந்து வடகரை அணி வந்து சேர்ந்தது. தலையில் ஒட்டிய வைக்கோலைக்கூடத் தட்டாமல் ஆடியது. தென்காசியைத் தோற்கடித்தது. கடைசி அடி ஜஸ்டினுடையது. அது வலையைத் தாண்டி வந்து அண்ணன் நெஞ்சில் விழுந்து வெளியே போனது. அன்றுமுதல் ஊரில் அவருக்குக் ‘கப்பை விட்ட ஏசுதாசன்’ என்று பெயர். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். சிமெண்ட், கம்பிக் கடை திறந்தபோது போர்டில் அதையும் எழுதிவிடுவாரோ என்று வீட்டில் பயந்தார்கள்.

தோற்றவன் ஜெயித்தவன் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட வேண்டும் என்ற வழக்கமும் அந்த ஆட்டத்தோடு வந்ததுதான். குற்றாலத்தில் சாரல் பிடித்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும், இரண்டு பேரும் ஐந்தருவிக்குப் போவார்கள். ஜெயித்தவர் பாறையில் உட்காருவார். தோற்றவர் நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கொண்டுபோய்த் தலையில் வைத்து, ஊர் பார்க்கத் தட்டித் தட்டித் தேய்க்க வேண்டும். கூலிக்கு எண்ணெய் தேய்க்கிறவர்கள், “அண்ணாச்சி, எங்க பொழப்புல ஏன் மண்ணள்ளிப் போடுதிய?” என்று சிரிப்பார்கள். வாலிபால் நின்று முழங்கால் வலி வந்த பிறகு இந்தப் பந்தயம் தேர்தலுக்கு மாறியது. குடை ஜெயித்தால் ஜஸ்டின் தேய்ப்பார். கட்டில் ஜெயித்தால் ஏசுதாசன். நாட்டில் ஆட்சி மாறி யாருக்கு என்ன கிடைத்தது என்பது ஆராய்ச்சிக்குரிய விஷயம். இவர்கள் இரண்டு பேருக்கும் குளிர்ச்சியாவது கிடைத்தது.

ஆனால் ஜஸ்டினுக்கு ஒரு தீராத வழக்கு இருந்தது. ஏசுதாசன் முதன்முதலாக ஓட்டுப் போட்ட தேர்தலில் ஜஸ்டினுக்கு ஓட்டு வயசு வரவில்லை. அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு தேர்தலிலும் அண்ணன் குடைக்கும் தம்பி கட்டிலுக்குமாகப் போட்டு ஒன்றை ஒன்று அழித்துவிட்டார்கள். அந்த முதல் ஓட்டு மட்டும் அழியாமல் நின்றது.

“நான் களத்துக்கே வராதப்ப போட்ட ஓட்டுல்லா அது?” என்பார் ஜஸ்டின். “வாக்ஓவர் ஓட்டு. கப்பை வேண்டாம்னு விட்ட பெரிய மனுசன், ஓட்டை மட்டும் ஏன் கக்கத்துல வச்சிருக்க?”

“முன்னால பொறந்தது என் தப்பாலே?”

“கப்பு வாங்கறதுல நியாயம் பேசுன வாய்தான அது.”

இதற்கு ஏசுதாசனிடம் ஒருநாளும் பதில் இருந்ததில்லை. பதில் இல்லாத இடங்களில் எல்லாரும் செய்வதைப் போல அவரும் குரலை உயர்த்துவார்.

ஒரு தேர்தலில் இரண்டு பேரின் மனைவிமாரும் சேர்ந்து சமாதானம் பேசினார்கள். எப்படியும் ஒன்றை ஒன்று அழிக்கப்போகிற ஓட்டுக்கு வெயிலில் ஏன் நிற்க வேண்டும், இரண்டு பேரும் போகாமல் வீட்டில் இருங்கள் என்று ஏசுதாசனின் மனைவி எப்சிபா சொன்னாள். நியாயமாகப் பட்டது. கைகொடுத்துக்கொண்டார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கடையில் ஒரு லோடு இறங்குகிறது என்று சொல்லி ஏசுதாசன் நைசாக நழுவினார். பள்ளிக்கூடத்து வாசலில் வரிசையின் கடைசியில் போய் நின்றார். முன்னால் நின்றவர் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்திருந்தார். துண்டைப் பார்த்ததும் ஏசுதாசனுக்குத் தெரிந்துவிட்டது. போன கிறிஸ்மஸுக்கு அவர் எடுத்துக்கொடுத்த துண்டு.

“தேங்கா லோடு இறங்குதோ?” என்று முதுகைப் பார்த்துக் கேட்டார்.

துண்டு திரும்பாமலே பதில் சொன்னது: “ஆமா. ஒனக்கு சிமெண்டா?”

ஜஸ்டினுக்குத் தேங்காய் மண்டி. பூர்வீக வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, வலப்பக்கம் அண்ணனும் இடப்பக்கம் தம்பியும் இருந்தார்கள். சுவரை எழுப்பியது ஏசுதாசன் கடை சிமெண்ட். தம்பி வீட்டுச் சுவருக்கு நல்ல சிமெண்டைக் கொடுக்க மனசு வராததாலோ என்னவோ, ஒரு பக்கத்து இருமல் மறுபக்கம் கேட்கும். கிரிக்கெட் நடக்கிற மாதங்களில் அந்தச் சுவருக்கு உயிர் வந்துவிடும். ஏசுதாசன் சென்னை அணி. ஜஸ்டின், சென்னையோடு ஆடுகிற எந்த அணியாக இருந்தாலும் அந்த அணி. நேற்றுவரை பெயர் தெரியாத ஊர்க்காரன் சென்னையின் விக்கெட்டை எடுத்தால், இடப்பக்கச் சுவரில் தொம் தொம் என்று குத்து விழும். அடுத்த ஓவரில் வலப்பக்கத்திலிருந்து பதில் குத்துப் போகும். சுண்ணாம்பு உதிர்ந்து எப்சிபா பெருக்குவாள்.

போன நகராட்சித் தேர்தலில் கட்டில் ஜெயித்தது. எண்ணெய் தேய்க்க வேண்டியவர் ஏசுதாசன். சாரலும் பிடித்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை, காய்ச்சிய எண்ணெய்ப் பாட்டிலோடு இரண்டு பேரும் டிவிஎஸ் வண்டியில் ஐந்தருவிக்குப் போனார்கள். மலையில் பெய்த மழையில் அருவி செம்மண் நிறத்தில் அலறிக்கொண்டிருந்தது. குளிக்கத் தடை. போலீஸ் கயிறு கட்டியிருந்தது.

“பாறையில ஒக்காரு. எண்ணெயை மட்டுமாவது வச்சுவிடுதேன்” என்றார் ஏசுதாசன்.

“குளிக்காம எண்ணெய் வச்சா சளி பிடிக்கும். அடுத்த ஞாயிறு பாத்துக்கிடலாம்ணே. தலை இங்கனதான இருக்கும், எங்க போகப்போவுது.”

வியாழக்கிழமை மண்டியில் தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்த ஜஸ்டின், உட்கார்ந்தபடியே இருந்தார். லோடுக்காரர் வந்து விலை கேட்டபோது பதில் இல்லை. விலையைக் கூட்டிச் சொல்வதற்காக யோசிக்கிறார் என்றுதான் அவர் முதலில் நினைத்தார்.

வீட்டில் கிடத்தியிருந்தபோது ஏசுதாசன் எண்ணெய்ப் பாட்டிலோடு வந்து தலைமாட்டில் நின்றார். மூடியைத் திறந்தார். சபை உபதேசியார் மெதுவாகக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, பிரேதத்துக்கு எண்ணெய் வைக்கிற வழக்கம் நம்ம சபையில கிடையாது. அது மத்தவங்க செய்யுதது.”

“இது அதில்ல, உபதேசியாரே. இது எலெக்‌ஷன் எண்ணெய்.”

துக்கத்தில் மூளை குழம்பிவிட்டது என்று எல்லாரும் தீர்மானித்தார்கள். இரண்டு பேர் அவரைத் தோளில் பிடித்து வெளியே கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவர் அப்போதே எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு வண்டி சீட்டைத் தவிர வேறெங்கேயும் உட்கார்ந்ததாகத் தகவல் இல்லை.

கடையில் நின்றுகொண்டே வியாபாரம் செய்தார். காலையில் வண்டியை எடுத்துக் குற்றாலம் போவார். மெயினருவிப் பாலத்தில் நின்று பார்ப்பார். ஏதோ மறந்தவர்போலத் திரும்பித் தென்காசி வந்து, பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றிவிட்டு, மறுபடியும் குற்றாலம். எண்ணெய்ப் பாட்டில் வண்டியின் பையிலேயே கிடந்தது. “எதுக்குங்க இதைச் சுமந்துகிட்டு அலையுதிய?” என்று எப்சிபா எடுத்து வைத்தால், மறுநாள் அது திரும்ப வண்டிக்குப் போயிருக்கும்.

கிரிக்கெட் மாதம் வந்தது. சென்னை ஆடியது, ஜெயிக்கவும் செய்தது. ஏசுதாசன் டி.வி.க்கு முன்னால் நின்றபடி ஒருமுறை சுவரைக் குத்தினார். சுவர் சும்மா இருந்தது. அடுத்த ஆட்டத்தில் சென்னைக்கு விக்கெட் விழுந்தபோது அவரே துள்ளி, “போச்சா! நல்லா வேணும்!” என்று கத்தினார். அடுத்த பந்தில் சென்னைக்காரன் சிக்ஸர் அடித்ததும், “எப்படி!” என்று அதற்கும் கத்தினார்.

“ரெண்டு பக்கத்துக்கும் நீங்களே கத்துனா எந்தப் பக்கம் ஜெயிக்க?” என்று எப்சிபா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

அவர் டி.வி.யை அணைத்துவிட்டு வண்டிச் சாவியைத் தேடினார்.

இந்த நிலைமையில்தான் ஜனநாயகம் வாசல் கதவைத் தட்டியது. சட்டமன்றத் தேர்தல். சித்திரை வெயிலில் குற்றாலம் வெறும் பாறையாகக் கிடந்தது. குடை வேட்பாளர், அருவியை வருஷம் முழுக்க விழவைப்பேன் என்று வாக்குறுதி கொடுத்துவிட்டு, காய்ந்த அருவிக்குக் கீழே கைகூப்பி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். கட்டில் வேட்பாளர், அந்த அருவி காய்ந்ததே குடை ஆட்சியில்தான் என்று அடுத்த நாள் அதே பாறையில் அதே இடத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். ஜஸ்டின் இருந்திருந்தால் இந்த இரண்டு போட்டோவை வைத்து அண்ணனும் தம்பியும் ஒரு வாரம் ஓட்டியிருப்பார்கள். ஏசுதாசன் தனியாக இரண்டையும் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

குடைக் கட்சியின் வார்டுச் செயலாளர் மாரிராஜ் பூத் சிலிப் கொடுக்க வந்தான். எப்சிபாவுக்கு ஒன்று, ஏசுதாசனுக்கு ஒன்று. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொன்றையும் எடுத்தான்.

“ஜஸ்டின் அண்ணாச்சி பேரு இன்னும் எடுக்கல்ல போல. சிலிப் வந்துருக்கு.”

ஏசுதாசன் வாங்கிப் பார்த்தார். தம்பியின் பெயர், வயசு. வயசு ஒன்று கூடியிருந்தது.

“நம்ம பையன் ஒருத்தன் இருக்கான் அண்ணாச்சி” என்று மாரிராஜ் குரலைத் தாழ்த்தினான். “சாயல்ல கொஞ்சம்… கட்டில்காரர் ஓட்டு ஒண்ணு நம்ம குடைக்கு வந்தா, அதுல உங்களுக்கும் ஒரு இது இருக்கும்லா?”

“எலே மாரிராஜ்.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“எவனாவது ஜஸ்டின்னு சொல்லிக்கிட்டு உள்ள போனான்னு வையி, நானே போலீஸைக் கூட்டிட்டு வந்து காட்டிக்கொடுப்பேன். மொதல்ல உன்னைய.”

மாரிராஜ் செருப்பை மாட்டுகிற சாக்கில் வாசலுக்கு நகர்ந்தான். அங்கிருந்து, “கோவப்படாதிய. எப்படியும் இந்தத் தடவை உங்க வீட்டுல குடை லீடிங்தான். எதிர்ப்பே இல்ல!” என்று உற்சாகமூட்டிவிட்டுப் போனான்.

எதிர்ப்பே இல்லை. ஏசுதாசன் அன்று ராத்திரி சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டார். ஏற்கெனவே ஒரு ஓட்டு முந்தி. நாளைக்குக் குடைக்குப் போட்டால் இரண்டு. போகாமல் இருந்தாலும் அந்த ஒன்று அப்படியே இருக்கும். கேட்பதற்கு ஆளும் கிடையாது. ஆனால் கட்டிலைத் தொட்டால்? சபையே சாட்சி. குழம்பு வழிந்த சட்டையில் கறை இன்னும் போகவில்லை.

சுவருக்கு அந்தப்பக்கம் போனார். ஜஸ்டினின் மனைவி சுகிர்தம் ஜெபம் முடித்துப் பைபிளை மூடிக்கொண்டிருந்தாள்.

“சுகிர்தம், நாளைக்கு ஓட்டுப் போடப் போறியா?”

“போகணும் அத்தான்.”

“யாருக்கு?”

சுகிர்தம் வாசலைப் பார்த்துக்கொண்டு, “நானும் எப்சிபா அக்காளும் நோட்டா வந்த நாள்லருந்து நோட்டாதான் அத்தான்” என்றாள். “நீங்க ரெண்டு பேரும் கிழிச்சதைப் பாத்த பொறவு வேற யாருக்குப் போட?”

இது ஏசுதாசன் கணக்கிலேயே வராத கட்சி. இத்தனை வருஷமும் வீட்டுக்குள்ளேயே பெரும்பான்மை இல்லாமல்தான் இரண்டு பேரும் மார்தட்டியிருக்கிறார்கள்.

“ஜஸ்டினுக்காகக் கட்டிலுக்கு ஒண்ணு போடலாம்லா நீ?”

“அவரு ஓட்டு அவரோட போச்சு அத்தான். என் ஓட்டைக் குடுத்தா அவரே வாங்க மாட்டாரு. உங்ககிட்டதான் ஒண்ணு வரணும்னு சொல்லிட்டே இருந்தாரு. வாக்ஓவர் ஓட்டோ என்னமோ.”

“சும்மா வெளாட்டுக்குச் சொல்லுவான்.”

“வெளாட்டுதான். மண்டிக்குப் போன அன்னைக்குக் காலையிலகூடச் சொல்லிச் சிரிச்சாரு.” அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கொஞ்சம் ஒக்காருங்களேன் அத்தான்” என்றாள்.

“இல்ல, போகணும்” என்றார். போகிற இடம் சுவருக்கு இந்தப்பக்கம்தான்.

காலையில் பள்ளிக்கூடத்து வாசலில் வரிசை நீண்டிருந்தது. பெரியவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஏசுதாசன் நின்றார். முன்னால் நின்றவர் வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டிருந்தார். யாரோ செங்கோட்டையிலிருந்து குடிவந்த ஆள். ஏசுதாசன் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நகர்ந்து நகர்ந்து உள்ளே போனார்.

மேஜைக்குப் பின்னால் இருந்த டீச்சரம்மாள் சிலிப்பையும் அடையாள அட்டையையும் கேட்டாள். சட்டைப்பையில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

“ஜஸ்டின்…” என்று அவள் வாசித்துவிட்டு அட்டையைப் பார்த்தாள். “ஐயா, அடையாள அட்டையில ஏசுதாசன்னு இருக்கே?”

குடைப் பக்கத்து ஏஜெண்டும் கட்டில் பக்கத்து ஏஜெண்டும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். இரண்டு கட்சிகளும் அன்று ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அது.

“மாத்திக் குடுத்துட்டேன் தாயி. அது தம்பிக்குள்ளது. இந்தா என்னுது.”

“அவங்க இன்னும் வரல்லியா?”

“வரல்ல.”

“ஆறு மணிக்குள்ள வரச் சொல்லுங்க.”

ஏசுதாசன் தலையை ஆட்டினார். இடது கை விரலில் மை வைத்தார்கள்.

அட்டை மறைப்புக்குப் பின்னால் எந்திரம் இருந்தது. மேலிருந்து மூன்றாவதில் குடை. அதற்கு இரண்டு கட்டம் கீழே கட்டில். நாலு காலோடு, யாரும் படுக்காத கட்டில். வலது கை ஆள்காட்டி விரல் பழக்கத்தில் நேராகக் குடைக்குப் போய் நின்றது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறைப்புக்கு மேலாக ஒருமுறை எட்டிப் பார்த்தார். அறையில் யாரும் இவரைக் கவனிக்கவில்லை.

“முந்திப் பொறந்தது என் தப்பாலே” என்று முணுமுணுத்தார்.

எந்திரம் நீளமாகக் கூவியது. பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் விளக்கு எரிந்தது. சின்னத் தாளில் கட்டில் தெரிந்தது. அவர் குனிந்து, அது அறுந்து உள்ளே விழுகிறவரை பார்த்தார்.

“ஐயா, முடிஞ்சுதா?” என்றாள் டீச்சரம்மாள்.

“முடிஞ்சுது தாயி.”

வெளியே வந்து பெரியவர்களுக்குப் போட்டிருந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். மாரிராஜ் ஓடிவந்தான்.

“அண்ணாச்சி, குடைதான? விரலைக் காட்டுங்க, குரூப்புல ஒரு போட்டோ போடுவோம்.”

ஏசுதாசன் மை வைத்த இடது கை விரலை உயர்த்திக் காட்டினார். வலது கையை நாற்காலிக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.